இனிஷியலில் தொலைந்துபோகும் ஆய்வுக் கட்டுரைகள்

கல்வி நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் என்ஐஆர்எஃப் தரவரிசை வெளியாகிற நாட்களில் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வரும் பேராசிரியர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: "சார், என் பேப்பர் ஏன் கணக்குல வரல?"

கட்டுரைக் கணக்கை நாம் அனுப்புவதில்லை என்பதே பலருக்குத் தெரியாது. உலக ஆய்விதழ்களின் கட்டுரைகளைப் பட்டியலிடும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளங்களில் நம் நிறுவனத்தின் பெயரில் என்ன இருக்கிறதோ, அதுதான் எடுக்கப்படுகிறது. அங்கே விட்டுப்போனது விட்டுப்போனதுதான்.

வேதியியல் பேராசிரியர் ஒருவர் 23 கட்டுரைகளை அச்செடுத்துக்கொண்டு வந்தார். ஸ்கோபஸில் அவர் பெயரில் இருந்தவை 14. ஒரு பிற்பகல் முழுக்க இருவரும் உட்கார்ந்து தேடினோம். ஐந்து கட்டுரைகள் அவருடைய அப்பா பெயரில் கிடைத்தன!

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; இனிஷியல்தான். ஆனால் இதழ்களின் இணையப் படிவத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஒரு தடவை அதில் 'ஆர்' என்று போடுகிறோம். அடுத்த தடவை அதை விரித்து 'ராமசாமி' என்கிறோம். வேறொரு இதழில் சொந்தப் பெயரையே அங்கே எழுதிவிடுகிறோம். ஒரே ஆள் தரவுத்தளத்தில் மூன்று பேராகிவிடுகிறார்; அவர் கட்டுரைகளைப் பிறர் காட்டிய மேற்கோள்களும், கட்டுரை எண்ணிக்கையையும் மேற்கோளையும் சேர்த்து அளக்கும் எச்-இண்டெக்ஸும் மூன்றாக உடைகின்றன. இதற்கு நேர்மாறாக, ஆர். செந்தில்குமார் என்ற பெயருள்ள நான்கு ஊர்க்காரர்கள் ஒரே ஆளாகக் கலந்துபோவதும் உண்டு.

மீதி நான்கில் இரண்டு, ஸ்கோபஸில் இல்லாத இதழ்களில் வந்தவை. மற்ற இரண்டும் முகவரியால் போனவை. ஆய்வு மாணவர் துறையின் பெயரையும் ஊரையும் எழுதியிருந்தார், கல்லூரியின் பெயரை எழுதவில்லை. சுருக்கப் பெயரும் இதே போல ஆபத்து. எம்ஐடி என்றால் நமக்கு 1949இல் தொடங்கிய குரோம்பேட்டை நிறுவனம், உலகத்துக்கு மாசசூசெட்ஸ்.

அதனால் ஆய்வில் சேரும் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு மாணவரையும் ஆர்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள எண் வாங்க வைக்கிறேன். 2012இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் 16 இலக்க எண் அது. பெயர் எப்படி அச்சானாலும் ஆள் மாறாது. கல்லூரியின் ஆங்கிலப் பெயரை ஒரே வடிவில் முடிவு செய்து, எல்லாத் துறைக்கும் சுற்றறிக்கையாக அனுப்பியிருக்கிறோம். சிதறிய ஆசிரியர் பக்கங்களை இணைத்துத் தரும்படி ஸ்கோபஸுக்கே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை.

பெயர் சரியானபின் மேற்கோள் எண்ணிக்கைக்கு வருவோம். இங்கே சராசரியை நம்ப வேண்டாம் என்பேன். ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பதுதான் தாக்கக் காரணி. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற படிகவியல் இதழுக்கு அது வழக்கமாக 2 அளவில் இருக்கும். 2009இல் அது 49.9 ஆயிற்று. 2008இல் ஷெல்எக்ஸ் என்ற மென்பொருளைப் பற்றி வந்த ஒரே ஒரு கட்டுரையை உலகெங்கும் படிகவியலாளர்கள் மேற்கோள் காட்டியதே காரணம். அந்தக் கட்டுரை கணக்கிலிருந்து விலகியதும், 2011இல் மறுபடி 2. அந்த இதழில் வந்த மற்றக் கட்டுரைகள் திடீரென்று உயர்ந்துவிடவும் இல்லை, தாழ்ந்துவிடவும் இல்லை. கல்லூரியின் சராசரியும் இப்படித்தான். யாரோ ஒருவர் பெரிய பன்னாட்டுக் குழுவில் இருந்து எழுதிய ஒரு கட்டுரை, ஒரு துறையையே தூக்கிக் காட்டிவிடும். நான் அறிக்கை தயாரிக்கும்போது இடைநிலை மதிப்பையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), ஒருமுறைகூட மேற்கோள் பெறாத கட்டுரைகளின் விழுக்காட்டையும் சேர்த்தே தருகிறேன்.

கணிதத் துறையின் எண்ணை மருத்துவத் துறையின் எண்ணோடு அப்படியே ஒப்பிடுவது அநியாயம். கணிதத்தில் மேற்கோள் மெல்லத்தான் சேரும். அந்தந்தத் துறையின் உலகச் சராசரியை 1 என்று வைத்து ஒப்பிடும் அளவீடு இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

என்னை அதிகம் வருத்துவது தமிழ்த் துறையின் கணக்கு. சுவடிப் பதிப்பும் கல்வெட்டு ஆய்வும் பெரும்பாலும் நூலாகவோ தமிழ் இதழ்களிலோதான் வெளிவருகின்றன. அவற்றில் மிகப் பெரும்பான்மை இந்தத் தரவுத்தளங்களுக்குள் நுழைவதே இல்லை. சென்ற ஆண்டு துறை அலமாரியைப் பார்த்துக் கையாலேயே பட்டியல் எடுத்தேன். ஐந்தாண்டுகளில் பதினொரு நூல்கள், ஸ்கோபஸில் பூஜ்யம். அந்தப் பட்டியலை ஆண்டறிக்கையில் மேற்கோள் அட்டவணைக்கு முந்திய பக்கத்தில் அச்சிடும்படி முதல்வரிடம் கேட்டிருக்கிறேன்.