புத்தகத்தை மூடிவிட்டுப் படிப்பது

"படித்தேன் மாமா. அது எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்வேன். இடது பக்கத்தில் கீழே, பச்சை மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன். அந்தப் பெயர் மட்டும் வரவே இல்லை."

திருப்புதல் தேர்வு முடிந்து வந்த பக்கத்து வீட்டுச் சிறுமி கண்கலங்கச் சொன்னது இது. பத்தாம் வகுப்பு. இதயத்தின் வலது ஆரிக்கிளுக்கும் வலது வெண்ட்ரிக்கிளுக்கும் இடையில் உள்ள வால்வு எது என்பது கேள்வி. விடை மூவிதழ் வால்வு. அவளுக்கோ இடப்பக்கத்து ஈரிதழ் வால்வுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்திருக்கிறது. தேர்வு முடிந்து பஸ் ஏறியதும் சரியான பெயர் தானாக வந்துவிட்டதாம். அதுதான் அவளுக்குப் பெரிய வேதனை.

அவள் சோம்பேறி அல்ல. அந்தப் பாடத்தை ஐந்து முறை வாசித்திருக்கிறாள். கோளாறு வாசித்த முறையில் இருந்தது. கண்ணில் பட்டதை "இது தெரியும்" என்று அடையாளம் காண்பது ஒரு திறன். எதிரில் எதுவும் இல்லாதபோது அதை நினைவிலிருந்து எடுப்பது வேறு திறன். ஐந்தாம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகிப்போய் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. அந்தப் பழக்கத்தையே அறிவு என்று மனம் நம்பிவிடுகிறது. வெள்ளைத்தாளோ முதல் திறனைக் கேட்பதே இல்லை.

இதை அழகாகக் காட்டிய சோதனை ஒன்று 2006-இல் வெளியானது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் நடத்தியது. மாணவர்கள் இரண்டு சிறு உரைப்பகுதிகளைப் படித்தார்கள். பிறகு ஒன்றை இன்னொரு தடவை வாசித்தார்கள். மற்றதை மூடிவைத்துவிட்டு நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த பகுதியே முந்தியது: 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழ். வாசித்ததில் 42 விழுக்காடுதான் மிஞ்சியது. எழுதிப் பார்த்ததில் 56. தேர்வுக்கு முந்தைய இரவு வாசித்ததெல்லாம் அன்றிரவு பத்திரமாக இருப்பதுபோல் தோன்றுவதன் ரகசியம் அந்த முதல் ஐந்து நிமிடத்தில் இருக்கிறது.

இறைத்த கிணறு ஊறும் என்பார்கள். நினைவுக்கு அது அப்படியே பொருந்துகிறது. ஒரு பெயரைத் தேடி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதை அடைய உதவும் குறிப்புகள் மூளையில் உறுதிப்படுகின்றன. தேடியும் கிடைக்காமல், பிறகு புத்தகத்தைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டாலும் பயன் உண்டு. திணறியதால் தோற்றுவிட்டோம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். படிப்பு ஏறுவதே அந்தத் திணறலில்தான்.

இனி தேர்வு பயத்துக்கு வருவோம். வினாத்தாள் கைக்கு வந்ததும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் நொடிகளில் அட்ரினலினைச் சுரக்கின்றன. அவற்றிலிருந்தே கார்டிசால் என்ற ஹார்மோனும் வருகிறது. அது நிதானமாக ஏறி, ஏறத்தாழ 20, 30 நிமிடங்களில் உச்சத்தைத் தொடும். நினைவுகளைக் கையாளும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி கார்டிசாலை உணரும் ஏற்பிகள் நிறைந்தது. 2000-ஆம் ஆண்டு வெளியான ஸூரிக் ஆய்வொன்றில், முந்தைய நாள் சொற்பட்டியலைக் கற்றவர்களுக்குச் சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு, உடலில் கார்டிசாலாக மாறும் கார்டிசோன் மாத்திரை கொடுத்தார்கள். நினைவுகூர்ந்த சொற்கள் குறைந்தன. பஸ்ஸில் பெயர் திரும்பி வந்ததே, அது அழியாமல் உள்ளே இருந்ததற்குச் சாட்சி.

எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த ஆய்வு 2016-இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 120 பேர் 30 சொற்களையோ 30 படங்களையோ கற்றார்கள். பாதிப்பேர் திரும்ப வாசித்தார்கள்; மீதிப்பேர் நினைவிலிருந்து எடுத்துப் பழகினார்கள். மறுநாள் சிலரை நடுவர்கள் முன் நிறுத்தி, தயாரிப்பின்றிப் பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற்றப்படுத்தினார்கள். வாசித்தவர்கள் பதற்றத்தில் சறுக்கினார்கள்: சுமார் 9 நினைவில் இருக்க வேண்டிய இடத்தில் 7. எடுத்துப் பழகியவர்களோ பதற்றத்திலும் 10, 11 என்று நின்றார்கள். படிக்கும் முறையே பயத்துக்கு மருந்தாகவும் இருக்கிறது என்பதை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். "பயப்படாதே" என்று நாம் ஆயிரம் முறை சொல்வது அந்தக் குழந்தைக்கு இந்த அளவு உதவாது.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிகளில் பாடத்தைச் சட்டாம்பிள்ளையிடம் ஒப்பிப்பது அன்றாட வழக்கமாக இருந்தது. பொருள் புரியாமல் ஒப்பித்ததும் பிரம்படியும் நமக்கு வேண்டாம்; புத்தகம் பாராமல் சொல்லிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

அந்தச் சிறுமியுடன் இப்படித்தான் தொடங்கினோம். பாடத்தை ஒருமுறை நிதானமாக வாசித்து, புரியாததைக் கேட்டுத் தெளிந்தாள். புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் பென்சிலால் இதயம் வரைந்து பெயர்களைக் குறித்தாள். முதல் நாள் ஐந்து இடங்கள் காலி. புத்தகத்தைப் பார்த்து அவற்றைச் சிவப்புப் பேனாவால் நிரப்பினாள். இரண்டு நாள் கழித்துப் புதிய தாள். சிவப்பு இரண்டாகக் குறைந்தது. பிறகு ஒரு வாரம் விட்டு இன்னொரு தாள். இந்த இடைவெளி முக்கியம். ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள்விட்டுப் படிப்பது மேல் என்று ஜெர்மானியரான எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-இலேயே எழுதிவிட்டார்.

தூக்கத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். பகலில் கற்றதை மூளை உறுதிப்படுத்துவது பெரும்பாலும் அப்போதுதான். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் ஒரு பிள்ளை வாடினால், அதைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ தள்ளிவிடாமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்க மட்டுமே முதல் 10 நிமிடம் தருகிறார்கள். மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விட்டுத் தொடங்கலாம். மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்பு தணிகிறது. தெரிந்த கேள்வியை முதலில் எழுதலாம். ஒரு கேள்வியில் தவறான பெயரே வந்து வழியை மறித்தால், இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். முட்டிக்கொண்டு நிற்கும்வரை அந்தத் தவறான பெயர் விலகுவதில்லை. அவளுக்கு மூவிதழ் வால்வு பஸ்ஸில் வந்தது. ஈரிதழ் வால்வோடு மல்லுக்கு நிற்காமல் நகர்ந்திருந்தால், தேர்வறையிலேயே வந்திருக்கக்கூடும்.