சட்டியில் பாதி, தணலில் மீதி

நான் முதன்முதலில் செய்த பார்பிக்யூ சாஸ் சட்டியில் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. செம்பழுப்பு நிறம், கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழியும் பதம், ஒன்றையொன்று அமுக்காத புளிப்பும் இனிப்பும். அந்தச் சந்தோஷத்தில், கோழித் தொடைகளைத் தணல்மேல் வைத்த கையோடு சாஸை அள்ளி அள்ளிப் பூசினேன். கால் மணி நேரத்தில் வெளிப்புறம் கரி. வெட்டிப் பார்த்தால் எலும்போரம் இன்னும் ரத்தம். சாஸில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அடுத்த தடவை சர்க்கரையைக் குறைத்தேன், அதற்கடுத்த தடவை தக்காளியைக் கூட்டினேன். கரி மட்டும் மாறவில்லை. சாஸுக்குள் இருக்கும் தண்ணீர் என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு இன்னும் சில கோழிகள் தேவைப்பட்டன.

வீட்டில் செய்யும் சாதாரண சாஸுக்கு 2 கோப்பை கெட்ச்அப், அரைக் கோப்பை வினிகர், அரைக் கோப்பை பழுப்புச் சர்க்கரை, ஒரு வெங்காயம், நாலைந்து பல் பூண்டு, மிளகாய்த்தூள், கடுகுத்தூள், மிளகு, உப்பு, 2 மேசைக்கரண்டி வொர்செஸ்டர்ஷயர் சாஸ் போதும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கொதிக்கவிட்டாலும் ஏதோ ஒரு சாஸ் வந்துவிடும். நல்ல சாஸ் வேண்டும் என்றால் வரிசை முக்கியம்.

முதலில் வெங்காயம். அதை எண்ணெயில் குழைய வதக்கிய பிறகே வினிகரை ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு வினிகரோடு சேர்த்தே அடுப்பில் ஏற்றினால், எவ்வளவு நேரம் கொதித்தாலும் வெங்காயம் நறுக் நறுக்கென்று பல்லில் மாட்டும். காய்களின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசைக்குப் பெக்டின் என்று பெயர். வெறும் நீரில் வேகும்போது அது சிதைந்து கரையும், காய் மெத்தென்றாகும். சாஸில் இருக்கும் அளவு அமிலத்தில் அந்தச் சிதைவு மிகவும் மந்தமாகிவிடும். பூண்டையும் வெங்காயத்தோடு சேர்த்து வதக்கிவிடலாம். பூண்டை நசுக்கும்போது அதன் செல்கள் உடைந்து, தனித்தனி அறைகளில் இருந்த அலீன் என்ற பொருளும் அலினேஸ் என்ற நொதியும் சந்திக்கின்றன. அப்போது பிறக்கும் அலிசின்தான் பச்சைப் பூண்டின் காரநெடி. சூட்டில் அது உடைந்து, மென்மையான வேறு மணங்களாக மாறிவிடும்.

அப்புறம் கெட்ச்அப். அதன் கெட்டித்தன்மைக்கும் காரணம் பெரும்பாலும் அதே பெக்டின்தான், கூடவே மிதக்கும் தக்காளிச் செல்களின் துணுக்குகள். கெட்ச்அப் புட்டியைக் கவிழ்த்தால் ஒன்றும் வராது. தட்டினால், குலுக்கினால், திடீரென்று தட்டு முழுக்கக் கொட்டும். சும்மா இருக்கும்போது உள்ளே உள்ள துணுக்குகள் ஒன்றோடொன்று சிக்கி ஒரு வலைபோல நிற்கின்றன. விசை கொடுத்தால் வலை குலைந்து திரவம் இளகுகிறது, விட்டால் மறுபடி இறுகுகிறது. சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டும் இந்த ரகம்தான். பிரஷ்ஷுக்கு அடியில் இளகி, சுவரில் பட்டதும் வழியாமல் நிற்கும். பார்பிக்யூ சாஸ் இறைச்சிமேல் ஒட்டி நிற்பது இந்தக் குணத்தால்தான். இதற்குத் தனியாக மாவு எதுவும் கரைத்து ஊற்ற வேண்டியதில்லை.

எல்லாம் சேர்ந்த பிறகு அடுப்பை சிம்மில் வைத்து அரை மணி நேரம் சுண்ட விடுகிறோம். இந்த அரை மணி நேரத்தில் சாஸ் வறுபடுகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. தண்ணீர் இருக்கும்வரை சட்டிக்குள் சூடு ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. தீயைக் கூட்டினால் தண்ணீர் வேகமாக ஆவியாகுமே தவிர வெப்பநிலை ஏறாது. கூடுதலாகக் கொடுக்கும் வெப்பம் முழுவதையும் ஆவி எடுத்துக்கொண்டு போய்விடும். சர்க்கரை கரைந்திருந்தால் கொதிநிலை கொஞ்சம் உயரும் என்பது உண்மைதான். ஆனால் பாதிக்குப் பாதி சர்க்கரை கரைந்த நீர்கூட 102 டிகிரி வாக்கில் கொதித்துவிடும்.

வறுத்த பண்டங்களுக்கு அந்தப் பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருபவை இரண்டு வினைகள். ஒன்று, பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீல் மையார் 1912-இல் விவரித்த மையார் வினை. புரதங்களில் உள்ள அமினோ அமிலங்களும் சில வகைச் சர்க்கரைகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருட்களை உண்டாக்குகின்றன. இது வேகமெடுக்க 140 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். புளிப்பான கலவையில் இன்னும் மந்தமாகவே நடக்கும். மற்றொன்று, சர்க்கரை தானே உருகிச் சிதைந்து பழுப்பாகும் காரமலாக்கம். சாதாரணச் சர்க்கரையான சுக்ரோஸுக்கு அதற்கு ஏறக்குறைய 160 டிகிரி தேவை. இரண்டு எண்களுமே சட்டிக்கு எட்டாதவை. நெடுநேரம் கொதித்தால் சாஸ் சற்றுக் கறுக்கும், மையார் வினையும் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஆனாலும் சட்டியில் இருக்கும் அடர்நிறத்தில் பெரும்பங்கு பழுப்புச் சர்க்கரையில் உள்ள மொலாசஸ் என்ற கருநிறக் கரும்புப் பாகு கொடுத்தது.

சுண்டும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் மட்டும் நடக்கிறது. அமிலமும் சூடும் சேர்ந்து சுக்ரோஸில் ஒரு பகுதியைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாகப் பிளக்கின்றன. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சாஸில் சர்க்கரை கற்கண்டுபோல மணிமணியாகப் படியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இது நல்லதுதான். ஆனால் ஃப்ரக்டோஸ் 110 டிகிரியிலேயே பழுப்பாகத் தொடங்கிவிடும் ரகம். தணலுக்குப் போகும்போது வம்பு செய்யப்போவது இதுதான்.

சுண்டுவதில் கைப்பழக்கம் சார்ந்த சில விஷயங்கள் உண்டு. வாயகன்ற பாத்திரத்தில் ஆவியாகும் பரப்பு அதிகம், அதனால் சீக்கிரம் சுண்டும். அலுமினியமும் வெறும் இரும்பும் அமிலத்தோடு வினைபுரிந்து உலோகச் சுவையைக் கொடுக்கும் என்பதால் எவர்சில்வர் மேல். சாஸ் கெட்டியாக ஆக அடியில் உருவாகும் நீராவிக் குமிழ்கள் மேலே வர வழியில்லாமல் சிக்கி, பெரிதாகி, ஒரே மூச்சில் வெடிக்கும். மேடையெல்லாம் சிவப்புப் புள்ளிகள் தெறிப்பது அதனால்தான். தீயைக் குறைத்து, அடிவரை கரண்டி போட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் குமிழ்கள் சிறிதாக இருக்கும்போதே தப்பித்துவிடும். பதம் பார்க்கும்போது, வேண்டியதைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருக்கையிலேயே அடுப்பை அணைத்துவிடுங்கள். ஆறினால் இன்னும் இறுகும்.

ருசி பார்ப்பதை வெதுவெதுப்பாக ஆறிய பிறகு வைத்துக்கொள்வது நல்லது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் நாக்கில் தொடும் உணர்வியும் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் உணர்வியும் ஒன்றுதான். டிஆர்பிவி1 என்ற அந்தப் புரதத்தை 1997-இல் அடையாளம் கண்டவர் டேவிட் ஜூலியஸ், அந்த ஆய்வுகளுக்காக 2021-இல் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார். கொதிக்கக் கொதிக்க நக்கிப் பார்த்தால் மிளகாயும் சூடும் ஒரே மணியைச் சேர்ந்து அடிக்கும், காரம் கூடிவிட்டதாகத் தோன்றும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ருசித்தால் எதிர்ப்பக்கம் ஏமாறுவோம், குளிர்ச்சியில் இனிப்பு மங்கித் தெரியும். மிளகாயின் காரத்தைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துக் கரைத்து அளக்கும் முறையை வில்பர் ஸ்கோவில் உருவாக்கியதும் 1912-இல்தான், மையாரின் அதே ஆண்டு. இந்தச் சாஸுக்கு ராசியான வருஷம் போல.

புளிப்பு தூக்கலாக இருந்தால் எல்லோரும் சர்க்கரையைத்தான் அள்ளிப் போடுவோம். சர்க்கரை அமிலத்தைத் துளிகூடக் குறைப்பதில்லை. இனிப்பும் புளிப்பும் ஒன்றாக வரும்போது மூளை இரண்டையும் தணித்து உணர்கிறது, அவ்வளவுதான். ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் நுரைத்துக்கொண்டு அமிலத்தை உண்மையிலேயே முறிக்கும். ஆனால் கை தவறினால் சாஸில் சோப்பு வாடை வந்துவிடும், கெட்டுப்போகாமல் காக்கும் அமிலமும் போய்விடும். எனக்கு அந்த வழி பிடிக்காது. சுண்டும்போது வினிகரின் ஒரு பகுதி ஆவியோடு கிளம்பித்தான் அந்த நெடி கமறுகிறது. கடைசியில் சாஸ் சப்பென்று இருந்தால் ஒரு கரண்டி புது வினிகர் விட்டால் மூக்கில் மறுபடி உயிர் வரும்.

கடுகின் விஷயமும் அப்படியே. கடுகுத்தூள் தண்ணீரில் நனைந்ததும் மைரோசினேஸ் என்ற நொதி வேலைசெய்து, மூக்கில் ஏறும் அந்தக் காரத்தை உண்டாக்குகிறது. சூடும் அமிலமும் அந்த நொதியை முடக்கும், உண்டான காரமும் கொதியில் பறந்துவிடும். அரை மணி நேரம் கொதித்த கடுகு, எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்க உதவும், மூக்கைத் தொடாது. ஏறவேண்டும் என்றால் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் வைத்து, இறக்கும் நேரத்தில் சேர்க்க வேண்டும்.

வொர்செஸ்டர்ஷயர் சாஸ் எதற்கு என்று கேட்டால், நாக்குக்கு இறைச்சியின் ஆழத்தைக் காட்ட. இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் 1837-இல் லீ அண்ட் பெரின்ஸ் விற்கத் தொடங்கிய இந்தச் சாஸில் நொதித்த நெத்திலி, புளி, மொலாசஸ், வினிகர் எல்லாம் உண்டு. எழுத்தில் வொர்செஸ்டர், வாயில் வூஸ்டர், அது ஆங்கிலேயரின் பிரச்சினை. தக்காளியில் குளுட்டமேட் நிறைய இருக்கிறது. 1908-இல் ஜப்பானிய வேதியியலர் கிகுனே இக்கேடா உமாமி என்று பெயரிட்ட, இறைச்சிச் சாறு போன்ற சுவைக்கு ஆதாரம் அதுதான். மீனிலும் இறைச்சியிலும் உள்ள இனோசினேட் என்ற பொருள் அதோடு சேர்ந்தால் இரண்டின் கூட்டுத்தொகையைவிடப் பல மடங்கு உமாமி தெரியும். ஒரு சட்டிக்கு 2 மேசைக்கரண்டி போதுமானதாக இருப்பது இதனால்.

புகை மணத்துக்குத் திரவப் புகை விற்கிறார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ ரசாயனம்போலத் தோன்றும். கட்டை எரியும் புகையைக் குளிரவைத்து வடித்த நீர் அது. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் எர்னஸ்ட் ரைட் என்ற மருந்துக்கடைக்காரர் 1895-இல் அதை வணிகமாக்கினார். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் சிதையும்போது வரும் குவாயகால், சிரிங்கால் என்ற சேர்மங்கள்தான் முக்கியமாகப் புகையின் மணம். ஒரு சட்டிக்கு அரைத் தேக்கரண்டி தாண்டினால் சாஸ் முழுக்கச் சாம்பல் வாடைதான்.

சரி, இப்போது தணலுக்கு வருவோம். கோழியின் உட்பகுதி பாதுகாப்பாக வேக 74 டிகிரி வரவேண்டும், கனமான தொடைக்கு அதற்கு அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மேலே பூசிய சாஸோ மெல்லிய படலம். தணலின் பல நூறு டிகிரிச் சூட்டில் அதன் தண்ணீர் சில நிமிடங்களில் வற்றிவிடும். வற்றும்வரை 100 டிகிரியில் கட்டிப்போடப்பட்டிருந்த வெப்பநிலை அதன்பிறகு எகிறும். 110-ஐ, 140-ஐ, 160-ஐ வரிசையாகத் தாண்டும். சட்டியில் அரை மணி நேரத்தில் நடக்காத வறுபடல் இங்கே இரண்டு நிமிடத்தில் நடந்து முடிகிறது. இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து கசியும் புரதம் வேறு கைகொடுக்கிறது. பளபளப்பும், ஒட்டும் தன்மையும், லேசான கசப்போடு கூடிய மணமும் பிறப்பது இந்த இடைவெளியில்தான். இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் சர்க்கரை கரியாகிவிடும்.

ஆகவே கோழி ஏறக்குறைய வெந்த பிறகு, கடைசிப் பத்து நிமிடத்தில் பூச வேண்டும். ஒரே தடவையில் தடியாக அப்பினால் மேலே கருகும்போது அடியில் ஈரம் மிச்சமிருக்கும், பாளம் பாளமாக உரியும். மெல்லியதாக ஒரு பூச்சு, அது வற்றிப் பளபளத்ததும் அடுத்தது என்று மூன்று தடவை பூசினால் ஒவ்வொரு படலமும் தன் தண்ணீரை இழந்து கண்ணாடிபோல இறுகும்.

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் சாஸ் மாறுவதையும் அதைப் பூசும் நேரம் மாறுவதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கணக்கு தெரியும். கிழக்கு வட கரோலினாவின் சாஸ் வினிகர், மிளகாய், மிளகு, உப்பு என்று தண்ணீர்போல இருக்கும். கருகச் சர்க்கரை பெரிதாக இல்லாததால் பன்றியை மணிக்கணக்கில் வாட்டும்போதே தெளித்துக்கொண்டிருக்கலாம். தக்காளியும் மொலாசஸும் சேர்ந்த கன்சாஸ் சிட்டி சாஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. அலபாமாவில் டெகாட்டூரின் பாப் கிப்சன் 1925-இல் தொடங்கிய வெள்ளைச் சாஸோ மயோனைஸும் வினிகரும் கலந்தது. அதிகச் சூட்டில் மயோனைஸின் எண்ணெய் பிரிந்துவிடும் என்பதால், புகையில் வெந்து முடிந்த கோழியை எடுத்து அதில் முக்குகிறார்கள்.

சாஸ் மீந்தால் கொதிநீரில் சுத்தப்படுத்திய கண்ணாடி ஜாடியில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற ஆபத்தான பாக்டீரியா, பிஎச் 4.6-க்குக் கீழே வளராது (பிஎச் என்பது புளிப்பை அளக்கும் எண், அது குறையக் குறையப் புளிப்பு அதிகம்). கெட்ச்அப்பும் வினிகரும் தாராளமாக உள்ள சாஸ் வழக்கமாக அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கும். ஆனால் வெளியே அலமாரியில் மாதக்கணக்கில் வைக்க அந்த ஒரு காரணம் போதாது. ஒவ்வொருவர் கைப்பக்குவத்திலும் அமில அளவு மாறும், புளிப்பிலும் வளரும் பூஞ்சைகள் உண்டு.

இன்னொன்று, வேகாத கோழியில் பட்ட பிரஷ்ஷை ஜாடிக்குள் விடாதீர்கள். பூசுவதற்கு வேண்டியதை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்துவிடுங்கள். கிண்ணத்தில் மீந்தது எவ்வளவு ருசியாக இருந்தாலும் குப்பைக்குத்தான்.