கால் சரி, எதில் கால்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பட்டணத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு செம்பனை ஆலைக்கு வேலைக்குப் போகிறவர் ஒருவர். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகைக்குப் போகிறது. மீதியில் கால் பங்கைச் சீட்டுக்குக் கட்டுகிறார். கையில் நிற்பது 900 ரிங்கிட். சம்பளம் எவ்வளவு?

இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றில் இந்தப் பிரச்சனைக் கணக்கைக் கொடுத்தால் அடிக்கடி வரும் விடை 2,160 ரிங்கிட். 1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டினால் 7/12, மீதி 5/12, அது 900 என்றால் முழுசு 2,160. கூட்டலில் பிழையில்லை, பெருக்கலிலும் பிழையில்லை. ஆனால் விடையைக் கணக்கிலேயே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: வாடகை 720, மீதி 1,440, அதில் கால் 360, கையில் 1,080. 900 வரவில்லை.

கால் பங்கு சம்பளத்தில் எடுத்ததல்ல, மீதியில் எடுத்தது. இரண்டு பின்னமும் ஒரே முழுசைச் சேர்ந்தவையாக இருந்தால்தான் அவற்றைக் கூட்டலாம். வீட்டில் பாதியையும் ஆட்டில் பாதியையும் கூட்டி ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. தாளில் மட்டும் சொல்லிவிடுகிறோம்.

இதற்குப் படம்தான் நல்ல வழி. நீளமான கட்டம் ஒன்று வரைந்து மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று வாடகை. மிஞ்சிய இரண்டு கட்டங்களை நான்கு சம பங்காக்க வேண்டும். ஆகவே ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டுங்கள். அதில் ஒன்று சீட்டு, மூன்று கையில். மூன்று துண்டு 900 என்றால் ஒரு துண்டு 300. இங்கேதான் இன்னொரு சறுக்கல் இருக்கிறது: வாடகைக் கட்டத்தை வெட்டாமல் விட்டுவிட்டு, மொத்தம் ஐந்து துண்டு என்று எண்ணி 1,500 எழுதுவார்கள். எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருந்தால்தான் எண்ணலாம். வாடகையையும் பாதியாக வெட்டினால் ஆறு துண்டு, சம்பளம் 1,800. சரிபார்த்தால் வாடகை 600, சீட்டு 300, கையில் 900.

துண்டுகள் இப்படி வசதியாக வெட்டுப்படாத கணக்கும் உண்டு. மிஞ்சியது மூன்று கட்டம், எடுக்க வேண்டியது ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் ஐந்தாக வெட்டினால் 15 சிறு துண்டு, பங்குக்கு மூன்று. வாடகைக் கட்டத்தையும் அப்படியே ஐந்தாக வெட்ட மறக்கக்கூடாது.

தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மொழியாலும் ஒரு தடுமாற்றம் வரும். தமிழில் 'ஐந்தில் மூன்று' என்கிறோம்: கீழே உள்ள பகுதி எண் முதலில், மேலே உள்ள தொகுதி எண் பிறகு. மலாயில் அதே பின்னம் 'தீகா பெர்லீமா', மேலே உள்ள மூன்றுதான் முதலில் வரும். காதால் கேட்டு எழுதும்போது 3/5 என்பது 5/3 ஆகிவிடுவது இதனால்தான். எடுத்த பங்கு முழுசைவிடப் பெரிதாக வந்தால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம்.

தமிழ்க் கணக்கில் 'மீதியில் கால்' என்னும்போது அந்த 'இல்' செய்யும் வேலையை மலாய்க் கணக்கில் 'டாரிபாடா' செய்கிறது. அந்தச் சொல்லுக்கு அடுத்து வருவதை வட்டமிடச் சொல்லுங்கள்; அதுதான் அந்தப் பின்னத்தின் முழுசு. 'டாரிபாடா பாக்கி' என்றால் மீதியில். பாக்கி என்ற சொல் நமக்கும் பழக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை.

'இல்' வந்தால் பெருக்கல் ஏன்? நம் பழைய பின்னப் பெயரே சொல்கிறது. அரைக்கால் என்பது காலில் அரை, அதாவது 1/2 × 1/4 = 1/8. மா என்பது 1/20. அதில் கால் 1/80, அதற்குக் காணி என்று பெயர். பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கினால் சிறுத்துப்போவது ஏன் என்று குழம்பும் பிள்ளைக்கு அரைக்கால் ஒன்றே போதும்.

வகுத்தலில் முழுசு சத்தமில்லாமல் மாறும். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு 5 கிலோ, டின்னுக்கு முக்கால் கிலோ. 5 ÷ 3/4 = 5 × 4/3 = 20/3, அதாவது 6 2/3. உடனே '6 டின், மீதி 2/3 கிலோ' என்று எழுதிவிடுவார்கள். ஆறு டின்னில் அடங்குவது 4 1/2 கிலோ. மிஞ்சுவது அரைக் கிலோதான். கணக்கு கிலோவில் தொடங்கினாலும், வகுத்ததும் அளவுகோல் டின் ஆகிவிட்டது. அந்த 2/3 ஒரு டின்னில் மூன்றில் இரண்டு பங்கு. முக்கால் கிலோவில் மூன்றில் இரண்டு அரைக் கிலோ.

அதனால் கேள்வியின் கடைசி வரியை மறுபடி படிக்க வேண்டும். எத்தனை டின் நிறையும் என்றால் 6. எல்லா முறுக்கையும் போட எத்தனை டின் வேண்டும் என்றால் 7. எவ்வளவு மிஞ்சும் என்றால் 1/2 கிலோ. விடைக்குப் பக்கத்தில் டின்னா கிலோவா என்று எழுதாத பிள்ளை மூன்றுக்கும் 6 2/3 என்றே எழுதிவைக்கும்.