கின்னூய்: யூதக் குழந்தையின் இன்னொரு பெயர்

கின்னூய் ஓர் எபிரேயச் சொல். இன்றைய இஸ்ரேலில் அதற்குப் பட்டப்பெயர் என்று பொருள். பள்ளி இலக்கணப் புத்தகத்தில் நான், நீ, அவன் போன்ற பிரதிப்பெயர்களுக்கும் அதே சொல்தான். ஆனால் யூதக் குடும்பங்களில் குழந்தைக்குப் பெயர் வைப்பதைப் பற்றிய எழுத்தில் இது வந்தால், இந்த இரண்டு பொருளையும் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அங்கே அது ஒரு முழுப் பெயர். பத்திரத்தில் ஏறும், சட்டத்துக்கு உட்படும், தலைமுறை தலைமுறையாக ஒரே ஜோடியோடு சேர்ந்து வரும்.

எதனோடு ஜோடி? 'ஷேம் ஹகோதெஷ்', அதாவது புனிதப் பெயர் எனப்படும் எபிரேயப் பெயரோடு. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனச் சடங்கில் அந்தப் பெயரைச் சூட்டுவார்கள். பெண் குழந்தைக்குப் பெரும்பாலும் ஜெபஆலயத்தில் வேதச் சுருளான தோராவை வாசிக்கும்போது. தோரா வாசிப்புக்கு அழைக்க, திருமண ஒப்பந்தமான கெதுபாவில் எழுத, கல்லறையில் பொறிக்க, எல்லாவற்றுக்கும் 'இன்னார் மகன் இன்னார்' என்று அந்தப் பெயர்தான். சந்தையிலும் அரசாங்கக் கணக்கிலும் அக்கம்பக்கத்தார் வாயிலும் புழங்கியது கின்னூய். அது அந்தந்த நாட்டு மொழியில் இருக்கும்: இத்திஷ் (ஐரோப்பிய யூதர்களின் ஜெர்மன் சார்ந்த மொழி), ஜெர்மன், அரபு, ஸ்பானியம், எங்கே வாழ்ந்தார்களோ அது.

சொல்லின் வேர் காஃப், நூன், ஹே என்ற மூன்று எழுத்துகள். அந்த வேரில் பிறந்த வினை, பெயரோ பட்டமோ சூட்டுவதைக் குறிக்கும். ஏசாயா 45-ஆம் அதிகாரத்தில், தன்னை அறியாத அரசன் கோரேசுக்கும் பெயர் சூட்டியதாகக் கடவுள் சொல்லும் இடத்தில் இந்த வினை வருகிறது. யோபு 32-இல் இதே வினை மனிதர்களைப் பட்டம் சொல்லிக் குளிர்விப்பதைக் குறிக்கிறது. அரபியில் இதன் உடன்பிறப்பு 'குன்யா'. 'அபூ இன்னார்', அதாவது இன்னாரின் தந்தை என்று மரியாதையாகக் கூப்பிடும் முறை. மைமோனிதிஸ் என்று உலகம் அறிந்த மோஷே பென் மைமோன் அரபியில் அபூ இம்ரான் மூசா. அவருக்கு இம்ரான் என்று மகன் யாரும் கிடையாது, மகன் பெயர் ஆபிரகாம். வேதத்து மோசேயின் தந்தை அம்ராம், அரபியில் இம்ரான். அதனால் மூசா என்று பெயர் உள்ளவர்களுக்கு அபூ இம்ரான் என்பது கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு பெயர் இருந்தால் வழக்கு வரத்தான் செய்யும். மணவிலக்குச் சீட்டான 'கெட்'டில் ஒரு பெயரை மட்டும் எழுதிவிட்டு, அது வேறு ஆள் என்று பிறகு யாராவது கிளப்பினால் அந்தப் பெண்ணின் கதி? ஆகவே 'இன்ன ஆளும், அவருக்குள்ள எல்லாப் பெயரும்' என்று எழுத வேண்டும் என மூத்த ரப்பான் கமலியேல் என்ற மத அறிஞர் விதித்ததாக, பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. பின்னாளில் எந்தப் பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் எழுதுவது என்று ரப்பிகள் எனப்படும் மதகுருக்கள் நீண்ட பட்டியல்களே போட்டார்கள். எபிரேயப் பெயரை எழுதி, 'ஹமெக்குனே' என்று சேர்த்து, கின்னூயை எழுதுவது மரபு. இந்த ஹமெக்குனேயும் அதே வேரில் வந்த சொல்தான். நம் ஊர்க் கிரயப் பத்திரத்தில் 'கந்தசாமி என்கிற ராசு' என்று வருமே, அந்த 'என்கிற'தான் ஹமெக்குனே.

சரி, ஜோடி எப்படிச் சேரும்? இதுதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி. ஆதியாகமம் 49-இல் யாக்கோபு சாகும் தருவாயில் மகன்களை ஆசீர்வதிக்கிறார். யூதா பாலசிங்கம், பென்யமீன் ஓநாய், நப்தலி பெண்மான். அந்த விலங்குகளின் இத்திஷ் பெயர்கள் அப்படியே ஆட்களின் பெயர்களாகிவிட்டன: யெஹுதா லெய்ப், பின்யமீன் வோல்ஃப், நஃப்தலி ஹிர்ஷ். அதே விலங்கை எபிரேயத்திலும் சொல்லி ஆர்யே லெய்ப் என்றும் வைப்பார்கள், இரண்டும் சிங்கம்தான். இசக்கார் மட்டும் அந்த அதிகாரத்தில் பலத்த கழுதை. இசக்காரோடு சேர்ந்து வரும் புழக்கப் பெயர் பேர், அதாவது கரடி. பிள்ளையைக் கழுதை என்று கூப்பிட எந்தத் தாய்க்கு மனம் வரும்? எப்ராயீமின் வம்சம் மீனைப் போல் பெருகட்டும் என்ற வாழ்த்திலிருந்து எஃப்ராயீம் ஃபிஷெல் வந்தது.

இன்னொரு வழி, பொருளை மொழிபெயர்ப்பது. 1632-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த தத்துவவாதி ஸ்பினோசா எபிரேயத்தில் பாருக், வீட்டுப் போர்த்துக்கீசியத்தில் பெந்தோ, இலத்தீனில் பெனெதிக்துஸ். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: ஆசி பெற்றவன். 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கட்டு தளர்ந்தது. யூதர்களுக்குத் தனி நாடு கேட்டு இயக்கம் நடத்திய தியோடர் ஹெர்சலின் எபிரேயப் பெயர் பின்யமீன் செயேவ். தியோடர் என்றால் கடவுளின் கொடை, செயேவ் என்றால் ஓநாய். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. அமெரிக்காவில் குடியேறியவர்களிடம் முதல் எழுத்து ஒத்துப்போனாலே போதும் என்றாகிவிட்டது. மோஷே மோரிஸ் ஆனது அப்படித்தான்.

யார் நினைவாக வைப்பது என்பது தனி விவகாரம். அஷ்கெனாசி யூதர்கள், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபினர், உயிரோடு இருப்பவர் பெயரைக் குழந்தைக்கு வைப்பதில்லை. 1856-இல் பிறந்த உளப்பகுப்பாய்வு முன்னோடி ஃபிராய்டுக்கு சிகிஸ்மண்ட் ஷ்லோமோ என்று பெயரிட்டார்கள். ஷ்லோமோ அவருடைய தாத்தா, பேரன் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்புதான் இறந்திருந்தார். ஸ்பெயின், போர்த்துக்கல் வழிவந்த செபார்தி யூதர்களிடம் நேர்மாறு: தாத்தா எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அவர் பெயரைப் பேரனுக்கு வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. 'பெயரன்' என்பதே பேரன் ஆன மொழிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெண்கள் கதை வேறு. தோரா வாசிப்புக்குப் பெண்களை அழைக்கும் வழக்கம் அன்று இல்லை. ஆகவே பல பெண்களுக்கு எபிரேயப் பெயர் என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. கோல்டா (தங்கம்), ஷேனா (அழகி), ஃபெய்கல் (சிறு பறவை) போன்ற புழக்கப் பெயர்களே பிறந்தநாள் முதல் கல்லறை வரை ஒற்றைப் பெயராக நின்றன.

எகிப்தில் இஸ்ரவேலர் மீட்கப்பட்டதற்கு ஒரு காரணம், அவர்கள் தங்கள் பெயர்களை மாற்றிக்கொள்ளாததுதான் என்று ஒரு மித்ராஷ் (வேத விளக்க நூல்) பெருமைப்படுகிறது. பென்யமீனை அவர்கள் அலெக்சாண்டர் என்று அழைக்கவில்லையாம். மிஷ்னாவுக்கு விரிவுரையான தல்மூத்தோ, வெளிநாட்டு யூதர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் பிற இனத்தார் பெயர்களைப் போலத்தான் இருக்கின்றன என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த அலெக்சாண்டரே பிறகு ஜெபஆலயத்தில் கூப்பிடத் தகுந்த பெயராகி, செண்டர் என்று அதற்கே ஒரு சுருக்கமும் வந்துவிட்டது.

புழங்கும் பெயரைத் தேர்ந்தெடுக்கும் இந்த உரிமையைத்தான் நாஜி அரசு 1938 ஆகஸ்ட் ஆணையில் பறித்தது. அரசின் பட்டியலில் இல்லாத பெயர் வைத்திருந்த யூதர்கள், 1939 ஜனவரி 1 முதல் ஆணானால் 'இஸ்ரேல்', பெண்ணானால் 'சாரா' என்று கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதையும் கின்னூய் என்று எழுதுவது தவறு. அது முத்திரை குத்துதல்.

இந்தியாவிலும் இந்த இரட்டை வழக்கு உண்டு. பம்பாயின் முதல் ஜெபஆலயத்தை 1796-இல் நிறுவியவர், மகாராஷ்டிர யூதச் சமூகமான பெனே இஸ்ரேலைச் சேர்ந்த சாமுவேல் எசேக்கியேல் திவேகர். மராத்தி வழக்கில் சாமாஜி ஹசாஜி திவேகர்.

இனி, கின்னூயைத் தமிழில் எழுத ஏற்ற சொல். 'செல்லப்பெயர்' வீட்டுக்குள் நின்றுவிடும், கின்னூயோ நீதிமன்றம் வரை போகும். 'பட்டப்பெயர்' பிறர் ஒட்டவைப்பது, பாதி நேரம் கேலி. 'புனைபெயர்' எழுத்தாளருக்கு உரியது. 'மாற்றுப்பெயர்' என்றால் போலீஸ் குற்றப்பத்திரிகை வாடை அடிக்கிறது. என் தேர்வு 'புழங்குபெயர்'. ஜோடியான ஷேம் ஹகோதெஷுக்கு 'மறைப்பெயர்' என்று முதலில் தோன்றும். ஆனால் ஒளித்து வைத்த பெயர் என்று படித்துவிடுவார்கள். 'திருப்பெயர்' கடவுளுக்குப் போய்விடும். 'வழிபாட்டுப் பெயர்' கொஞ்சம் நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை. கட்டுரையில் முதல் தடவை 'கின்னூய் என்னும் புழங்குபெயர்' என்று எழுதிவிட்டு, அப்புறம் புழங்குபெயர் என்றே போகலாம். ஆட்களைக் குறிக்கும்போது பத்திர வழக்கைக் கடன் வாங்கி, 'பின்யமீன் செயேவ் என்கிற தியோடர் ஹெர்சல்' என்று எழுதலாம்.