கேஸ்கட், ஆயில் சீல்: அடைப்பிதழும் கசிவுக்காப்பும்

வீட்டு கார் ஷெட்டிலேயே எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவர் உதிரிபாகக் கடையில் அடிக்கடி கேட்டு வாங்கும் பொருள்கள் கேஸ்கட்டும் ஆயில் சீலும். இரண்டும் கசிவைத் தடுப்பவையே என்றாலும் வேலை வேறு. அசையாத இரண்டு உலோக முகங்களுக்கு நடுவில் நசுங்கிக் கிடப்பது கேஸ்கட். சுழலும் தண்டை உரசியபடியே எண்ணெயை உள்ளே நிறுத்திவைப்பது ஆயில் சீல். தமிழில் பெயர் வைக்கிறவர்கள் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டையும் ‘அடைப்பு’ என்று முடித்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

கேஸ்கட் என்ற ஆங்கிலச் சொல் பாய்மரக் கப்பலில் பிறந்தது. சுருட்டிய பாயை அதன் குறுக்குமரமாகிய பருமலோடு சேர்த்துக் கட்டும் சிறு கயிற்றை 17-ஆம் நூற்றாண்டு மாலுமிகள் அவ்வாறு அழைத்தனர். மெல்லிய கயிற்றைக் குறிக்கும் ‘கார்செத்’ என்ற பிரெஞ்சுச் சொல்லே இதற்கு மூலமாகலாம் என்பது சொல்லாய்வாளர் கருத்து. அதன் நேர்ப்பொருள் சிறுமி. நீராவி எஞ்சின் வந்தபோது, பிஸ்டனைச் சுற்றியும் அதன் தண்டு வெளிவரும் வாயிலும் நீராவி கசியாமலிருக்கச் சணலைப் பின்னிக் கொழுப்பில் ஊறவைத்துத் திணித்தார்கள். கப்பல் கயிற்றின் பெயர் அந்தப் பின்னலுக்கு ஏறியது. பின்னர்த் தாள், தக்கை, செம்பு, அஸ்பெஸ்டாஸ், அடுக்கு எஃகுத் தகடு என்று பொருள் மாறிக்கொண்டே வந்தும் பெயர் நிலைத்துவிட்டது.

நம் பட்டறைகளில் இதையே ‘பேக்கிங்’ என்றும் சொல்கிறார்கள். ‘பேக்கிங் போயிடுச்சு, மாத்தணும்’ என்று மெக்கானிக் சொல்லும்போது, திணித்து அடைத்தல் என்ற அந்தப் பழைய பொருள் அவர் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மரக்கலப் பலகைகளின் இடுக்கில் நார் திணித்து அடைக்கும் வேலைக்குத் தமிழில் ‘கலப்பத்து’ என்ற சொல் உண்டு. அழகான சொல்தான், ஆனால் இடுக்கைப் பிறகு நிரப்புவதற்கும், இரண்டு முகங்களை இணைக்கும்போதே நடுவில் ஒரு தகட்டை வைப்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

இழைத்த உலோக முகம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அதில் நுண்ணிய மேடுபள்ளங்கள் இருக்கும். போல்ட்டுகளை முடுக்கும்போது கேஸ்கட் நசுங்கி அந்தப் பள்ளங்களை நிரப்புகிறது. ஒருமுறை நசுங்கிய தாள் இன்னொரு முறை அதே போல் நசுங்காது. 100 சி.சி. பைக் ஒன்றின் கிளட்ச் மூடியைத் திறந்தபோது, பழைய தாள் கிழியாமல் முழுதாக வந்துவிட்டதே என்று அதையே சிலிக்கான் பசை தடவிப் பூட்டினேன். மூன்றாம் நாள் தரையில் எண்ணெய்ப் பொட்டு. மீண்டும் திறந்து பார்க்க, பிதுங்கிய பசை உள்விளிம்பில் நூலிழையாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அது அறுந்து எண்ணெயை வடிகட்டும் வலையில் போய் அடைத்திருந்தால் எஞ்சினுக்கு எண்ணெயே ஏறியிருக்காது.

இதழ்போல் மெல்லியது, அடைப்பது. ஆகவே கேஸ்கட்டுக்கு ‘அடைப்பிதழ்’ என்பது எனக்கு முழு நிறைவு தரும் சொல். ‘அடைப்பு’ என்று மட்டும் எழுதினால் இதய அடைப்பு, சாக்கடை அடைப்பு என்று நோயும் பழுதுமே நினைவுக்கு வரும். ‘அடைப்பான்’ என்றாலோ கிராமத்தில் அது மாட்டைக் கொல்லும் நோயின் பெயர்.

சீல் என்பதன் வரலாறு வேறு. இலத்தீனில் ‘சிக்னும்’ என்றால் அடையாளம். அதன் சிறுமை வடிவமான ‘சிகில்லும்’ பழைய பிரெஞ்சு வழியாகச் சீல் ஆயிற்று. கடிதத்தின் மடிப்பில் அரக்கை உருக்கி அடையாளம் பதித்ததால், பதிப்பது என்ற பொருளிலிருந்து பிரிக்க முடியாதபடி மூடுவது என்ற பொருளும், அதிலிருந்து கசியாமல் அடைப்பது என்ற பொருளும் ஆங்கிலத்தில் கிளைத்தன. தமிழில் முத்திரை என்ற சொல் அந்த வழியில் நடக்கவே இல்லை. எனவே ‘எண்ணெய் முத்திரை’ என்று பெயர்ப்பது பிழை. படிப்பவர் எண்ணெய் டின்மேல் உள்ள அரசு முத்திரையைத்தான் நினைப்பார். ஜெர்மானியர்கள் ஆயில் சீல் வளையத்தை, அதை உருவாக்கிய வால்டர் சிம்மர் பெயரால் ‘சிம்மரிங்’ என்கிறார்கள்.

ஆயில் சீலைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெயர் தானே தோன்றும். வெளியே உலோகக் கூடு, உள்ளே ரப்பர் உதடு, உதட்டின் முதுகில் அதைத் தண்டோடு அணைத்துப் பிடிக்கும் மெல்லிய சுருள்வில். அந்த வில் தெரியும் பக்கம்தான் பொதுவாக எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் சிறிது எண்ணெய் தடவி, கோணாமல் சமமாக அழுத்தி இறக்க வேண்டும். தண்டைச் சுற்றிய வளையம், உள்ளிருப்பதைக் காப்பது: கைக்கு அணியும் காப்பும் காவலாகிய காப்பும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. ‘எண்ணெய்க்காப்பு’ என்றால் கோயில் வழிபாட்டோடு குழம்பும் என்பதால் ‘கசிவுக்காப்பு’ என்பதே பொருந்தும். கடையில் ஆயில் சீல் என்றே கேளுங்கள், அங்கே அதுதான் செல்லும். கையேட்டில் எழுதும்போது, 20×32×7 என்று அதன் முகத்தில் பொறித்திருக்கும் எண்களை, ‘தண்டு 20 மி.மீ., வெளிவிட்டம் 32 மி.மீ., தடிப்பு 7 மி.மீ. உள்ள கசிவுக்காப்பு’ என்று எழுதலாம்.