பிள்ளைக்கு நியூரோபிளாஸ்டோமாவா? தனியார் லேப்புக்கு ஓட முன்னர்

வாட்டில் இந்தப் பெயரைக் கேட்ட பெற்றோர் மூச்சு விட்டதும் கேட்பது, “இதுக்கு எவ்வளவு காசு முடியும்?” என்றுதான். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். இலங்கையில் அரசாங்க வைத்தியசாலையின் பொது வாட்டிலும் கிளினிக்கிலும் செய்யும் சோதனைக்குக் கட்டணம் இல்லை. சம்பளச் சீட்டும் காட்டத் தேவையில்லை, அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணம் கிடைக்கிறதா என்றும் யாரும் கேட்கமாட்டார்கள்.

நியூரோபிளாஸ்டோமா என்பது நரம்புத் தொகுதியின் முதிராத கலங்களில் தொடங்கும் புற்றுநோய். பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பியில் வரும். வயிற்றில் கட்டி, காரணமில்லாத நொண்டல், அடிபடாமலே கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போதல் என்று ஏதாவது கண்டால் களுவாஞ்சிக்குடியோ அக்கரைப்பற்றோ, கிட்டே உள்ள ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கிருந்து கடிதத்துடன் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்பலாம். பிள்ளைகளின் புற்றுநோய் என்றால் மஹரகம அபேக்‌ஷா வைத்தியசாலை வரை போகவேண்டி வரலாம்.

சோதனைகளில் இந்த நோய்க்கே உரியது சிறுநீர்ச் சோதனை. கட்டி சுரக்கும் இரசாயனங்கள் உடைந்து வி.எம்.ஏ., எச்.வி.ஏ. என்ற இரண்டு பொருட்களாகச் சிறுநீரில் வெளியேறும். இந்த நோயுள்ள பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இவை கூடியிருக்கும். சில ஆய்வுகூடங்களுக்கு ஒருமுறை எடுத்த சிறுநீரே போதும். 24 மணித்தியாலச் சிறுநீர் கேட்டால் காலையில் முதல் போகும் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் அதே நேரம் வரை ஒவ்வொரு துளியையும் சேர்க்கவேண்டும். சிறுநீர் சேர்க்கத் தரும் கானில் கொஞ்சம் அமிலம் ஊற்றித் தந்திருப்பார்கள். அழுக்குத் தண்ணீர் என்று கொட்டிக் கழுவிவிடாதீர்கள், கையிலும் படவேண்டாம். வாழைப்பழம், சொக்லேட், வனிலா, தேநீர் நிறுத்தவேண்டுமா, குடிக்கும் மருந்து ஏதும் குழப்புமா என்று தாதியிடம் முதலே கேளுங்கள். சேர்த்தது பாதியில் சிந்தினால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிழையான அளவை விட இன்னொரு நாள் காத்திருப்பது மேல்.

ஆனால் சிறுநீர் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. கட்டியில் சிறுதுண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும், அல்லது எலும்புக்குள் இருக்கும் என்பு மச்சையில் புற்றுக்கலமும் சிறுநீரில் அந்தப் பொருட்களும் சேர்ந்து தெரியவேண்டும். மச்சையை இடுப்பெலும்பின் இரண்டு பக்கத்திலும் எடுப்பார்கள். “ஒரு பக்கம் காணாதா?” என்று தாய்மார் கலங்குவது நியாயம்தான், ஆனால் நோய் ஒரு பக்கத்தில் ஒளிந்திருக்கலாம். எம்.வை.சி.என். என்ற மரபணு பெருகியிருக்கிறதா என்று அதே கட்டித்துண்டில் பார்ப்பது, எவ்வளவு கடுமையான சிகிச்சை தேவை என்று முடிவெடுக்க. இரத்தச் சோதனைகளும் ஸ்கேனும் கூடவே நடக்கும்.

“அப்படியானால் எல்லாப் பிள்ளைக்கும் சிறுநீரைச் சோதித்தால் என்ன?” ஜப்பான் அப்படித்தான் 6 மாதக் குழந்தைகளைச் சோதித்தது. தானாகவே மறைந்துபோகும் கட்டிகள்தான் அதிகம் அகப்பட்டன, மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை. 2004இல் நிறுத்திவிட்டார்கள். அறிகுறி உள்ள பிள்ளைக்குத்தான் இந்தச் சோதனை.

சரி, சோதனையை வெளியில் செய்யச் சொல்லித் துண்டுச்சீட்டு தந்தால்? உடனே காசு கட்டாதீர்கள். மாதிரியை வேறொரு அரசாங்க ஆய்வுகூடத்துக்கு அனுப்ப முடியுமா என்று விசேட வைத்தியரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. முடியாது என்றால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றி விசாரியுங்கள். 2025 முதல் அதற்குக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை, உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். போகும்போது வைத்தியரின் கடிதமும் கிளினிக் கொப்பியும் கையில் இருக்கட்டும். புற்றுநோயாளர் உதவித்தொகை பற்றி அங்குள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமும் ஒரு வார்த்தை கதையுங்கள்.

மஹரகமவுக்கு மாற்றினால் ரிப்போர்ட்டோடு மட்டும் இரவு பஸ் ஏறிவிடாதீர்கள். கட்டித்துண்டைப் பதித்த மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தட்டுகளும் சோதித்த ஆய்வுகூடத்திலேயே இருக்கும், மஹரகம வைத்தியர் அவற்றைத் திரும்பப் பார்க்கக் கேட்கலாம். அவற்றைத் தேடி எடுக்க, ரிப்போர்ட்டில் உள்ள மாதிரி இலக்கத்தைக் கொப்பியின் முன் அட்டையில் எழுதிவையுங்கள்.