ஆன்ட்டி-ஏலியாசிங்: உருமயக்கத் தடுப்பும் பிசிறு நீக்கமும்

எந்த வீடியோ கேமிலும் கிராபிக்ஸ் அமைப்புகளைத் திறந்தால் கண்ணில் படும் சொல் ஆன்ட்டி-ஏலியாசிங். அதற்கு எதிரே எஃப்எக்ஸ்ஏஏ, எஸ்எம்ஏஏ, டிஏஏ, எம்எஸ்ஏஏ 4எக்ஸ் என்று வரிசையாகச் சுருக்கப்பெயர்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் நோக்கம் ஒன்றுதான்: சாய்ந்த கோடுகளும் வளைந்த ஓரங்களும் படிப்படியாக வெட்டுப்பட்டுத் தெரியாமல் வழுவழுப்பாகத் தெரிய வேண்டும். வேலை எளிதில் புரிகிறது, பெயர்தான் புரிவதில்லை. ஏலியாஸ் என்றால் மாற்றுப்பெயர். ஓரம் வெட்டுப்படுவதற்கும் மாற்றுப்பெயருக்கும் என்ன உறவு? அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் 'மாற்றுப்பெயர் எதிர்ப்பு' என்று வந்து நிற்கும். படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது.

இலத்தீனில் 'அலியாஸ்' என்றால் 'வேறொரு வேளையில்', 'வேறு விதமாக' என்று பொருள். ஒருவருக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் சட்டப் பதிவுகளில் 'அலியாஸ் டிக்டுஸ்' என்று எழுதினார்கள். 'வேறு விதமாக அழைக்கப்படுபவர்' என்று அர்த்தம். பின்பாதி உதிர்ந்துபோய் முன்பாதி மட்டும் ஆங்கிலத்தில் தங்கிவிட்டது. 'ராஜா என்கிற ராஜேந்திரன்' என்று எழுதுகிறோமே, அந்த 'என்கிற' இருக்கும் இடத்தில் நிற்கும் சொல் அது.

அங்கிருந்து அறிவியலுக்கு இந்தச் சொல் வந்தது சமிக்ஞைத் துறை வழியாக. பெல் ஆய்வகத்தில் இருந்த கணிதவியலாளர் ஜான் டுக்கியின் பெயரோடு சேர்த்தே இதைச் சொல்வார்கள். 1958இல் பிளாக்மனும் அவரும் சேர்ந்து வெளியிட்ட அலைமாலை (ஸ்பெக்ட்ரம்) ஆய்வில் இந்தச் சொல் இன்றைய பொருளில் வருகிறது. ('பிட்' என்ற சொல்லைத் தந்தவரும் டுக்கிதான். 1948இல் கிளாட் ஷானன் தன் கட்டுரையில் அதற்கான பெருமையை அவருக்கே கொடுத்திருக்கிறார்.)

அவர்கள் எதை ஏலியாசிங் என்றார்கள் என்பதை ஒலியை வைத்துப் பார்ப்பதுதான் சுலபம். ஒலி தொடர்ச்சியாக ஏறி இறங்கும் அலை. கணினி அதைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. இதை மாதிரியெடுத்தல் என்போம். ஆடியோ சிடிக்காக நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். அதில் பாதி, அதாவது 22,050 ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட அலைகளைத்தான் இந்த வேகத்தில் உண்மையாகப் பதிய முடியும். இந்தப் பாதிக் கணக்கின் வேர் ஹாரி நைக்விஸ்ட் 1928இல் எழுதிய தந்தி ஆய்வில் இருக்கிறது. 1949இல் ஷானன் அதைத் தேற்றமாக எழுதினார்.

சரி, எல்லையைத் தாண்டிய அலை உள்ளே நுழைந்தால் என்ன ஆகும்? 30,000 ஹெர்ட்ஸ் அலை ஒன்றை நொடிக்கு 44,100 முறை அளந்தால், கிடைக்கும் எண்கள் 14,100 ஹெர்ட்ஸ் அலையை அளந்தால் கிடைக்கும் எண்களைப் போலவே இருக்கும். 44,100இலிருந்து 30,000ஐக் கழித்தால் வருவது அந்த 14,100. மனிதக் காதுக்கு எட்டாத ஓர் அலை, நன்றாகக் கேட்கக்கூடிய இன்னோர் அலையின் பெயரில் பதிவாகிவிடுகிறது. மாற்றுப்பெயர் என்ற பொருள் இங்கேதான் பொருந்துகிறது. அளந்து முடித்த பிறகு எண்களை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் அசல் எது, வேடம் எது என்று பிரிக்க முடியாது. அதனால்தான் ஒலிப்பதிவில், எல்லையைத் தாண்டிய அலைகளை நீக்கும் வடிகட்டியை அளப்பதற்கு முன்னாலேயே வைக்கிறார்கள். இந்த 'முன்னாலேயே' என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் கிராபிக்ஸ் கார்டு செய்யும் வேலையை எடைபோடுவது எளிது.

ஒன்று இன்னொன்றின் இடத்தில் வந்து நிற்பதற்குத் தமிழில் பழைய சொல் இருக்கிறது: மயக்கம். ஒரு வேற்றுமை உருபு இன்னொரு வேற்றுமையின் பொருளில் வந்தால் இலக்கணத்தில் அது உருபு மயக்கம். ஒரு திணைக்குரியது இன்னொரு திணையில் வந்தால் திணை மயக்கம். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் 'வேற்றுமை மயங்கியல்' என்று ஓர் இயலே உண்டு. ஏலியாசிங் என்பதன் கருத்தும் இதுவேதான்: ஓர் அலை இன்னோர் அலையாக மயங்குகிறது. பேச்சு வழக்கில் மயக்கம் என்றால் தலைசுற்றல்தான் முதலில் நினைவுக்கு வரும் என்பதால், தனியாக விடாமல் முன்னால் ஒரு சொல் சேர்த்துக்கொள்ளலாம். ஒலிக்கு அலைமயக்கம், படத்துக்கு உருமயக்கம். 'மாற்றுப்பெயர்' என்பது உவமையை மட்டும்தான் மொழிபெயர்க்கிறது, 'மயக்கம்' நடப்பதையே சொல்கிறது என்பதால் எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

இனி திரைக்கு வருவோம். திரையில் தெரியும் படமும் மாதிரியெடுத்ததுதான். நேரத்துக்குப் பதிலாக இடத்தில் அளக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். 1920க்கு 1080 திரையில் 20,73,600 படப்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நடுமையத்திலும் கிராபிக்ஸ் கார்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: இங்கே எந்தப் பொருள் தெரிகிறது? வானத்தின் ஒளிர்வு 200, அதன்மேல் சாய்வாக வரும் கூரையின் ஒளிர்வு 40 என்று வைத்துக்கொள்வோம். கூரை ஒரு புள்ளியின் கால்வாசியைத்தான் மூடுகிறது, நடுமையம் வானத்தில் இருக்கிறது. விடை 200. பக்கத்துப் புள்ளியில் கூரை பாதிக்குச் சற்று மேல் மூடி நடுமையத்தைத் தொட்டுவிட்டால் விடை 40. இடைப்பட்ட எதுவும் கிடையாது. கூரை மெல்லச் சரிந்து 8 புள்ளிகளுக்கு ஒரு புள்ளி இறங்குகிறது என்றால், 8 புள்ளி நீளத்துக்குத் தட்டையாக ஓடி ஒரு புள்ளி சட்டென்று குதிக்கும், மறுபடி 8, மறுபடி குதிப்பு. ஒரு சாய்கோடு படிக்கட்டாக மயங்கிவிட்டது. விளையாடுகிறவர்கள் இதை 'ஜேகிஸ்' என்பார்கள். ரம்பப்பல் ஓரம் என்று சொன்னால் யாருக்கும் புரியும்.

கணினி வரைகலையில் இந்தக் கோளாறை மாதிரியெடுத்தலோடு சேர்த்துத் தெளிவாக எழுதியவர் ஃபிராங்க்ளின் குரோ. 1977இல் வந்த அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே 'ஏலியாசிங்' இருக்கிறது.

நேர்மையான தீர்வு, கேள்வியை அதிக இடங்களில் கேட்பது. ஒரு புள்ளிக்குள் 4 இடங்களில் கேட்டு, ஓர் இடத்தில் கூரையும் மூன்றில் வானமும் கிடைத்தால் சராசரி 160. கால்வாசி மூடிய புள்ளிக்கு அதுதான் சரியான நிறம். இதை அப்படியே செய்வது சூப்பர்சாம்ப்ளிங். செலவு மலைக்க வைக்கும்: 1920க்கு 1080 படத்தை இப்படி 4 மடங்காக வரைவது 3840க்கு 2160 படத்தை முழுதாக வரைவதற்குச் சமம். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 முழுப் படங்கள், வேண்டும் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிவினாடிதான் இருக்கிறது. அதனால் எம்எஸ்ஏஏ வந்தது. கேமின் உருவங்கள் முக்கோணங்களால் ஆனவை. புள்ளியை எந்த முக்கோணம் எவ்வளவு மூடுகிறது என்பதை மட்டும் பல இடங்களில் சோதிக்கும், நிறக் கணக்கை அந்தப் புள்ளியில் முக்கோணத்துக்கு ஒரு முறைதான் போடும். நீண்ட காலம் இதுதான் தரத்தின் அளவுகோலாக இருந்தது. அப்புறம், வடிவங்களின் விவரங்களை முதலில் நினைவகத்தில் எழுதிவைத்துவிட்டு வெளிச்சத்தைக் கடைசியில் கணக்கிடும் முறை கேம்களில் பரவியது. அந்த முறையில் ஒவ்வொரு மாதிரிக்கும் எல்லா விவரங்களையும் சேமிக்க வேண்டியிருந்ததால் எம்எஸ்ஏஏ கட்டுப்படியாகவில்லை.

அந்த இடைவெளியில் நுழைந்தவைதான் பின்செயலாக்க வடிகட்டிகள். 2009இல் இன்டெல் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ரெஷெடோவ் எம்எல்ஏஏ முறையை வெளியிட்டார். வரைந்து முடித்த படத்தை எடுத்து, எங்கெங்கே நிறம் சட்டென்று மாறுகிறது என்று பார்த்து, அந்த மாற்றங்கள் எல், இசட், யு எழுத்துகளின் வடிவில் அமைந்திருப்பதைக் கண்டுபிடித்து, அவற்றுக்குப் பின்னால் இருந்திருக்கக்கூடிய சாய்கோட்டை ஊகித்து நிறங்களைக் கலப்பது அதன் வழி. 2010இல் வந்த ரேடியான் எச்டி 6800 வரிசை கார்டுகளோடு ஏஎம்டி நிறுவனம் இதை டிரைவரிலேயே, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளிலேயே, கொடுத்தது. என்விடியா நிறுவனத்தில் டிமோதி லாட்டஸ் உருவாக்கிய எஃப்எக்ஸ்ஏஏ இன்னும் இலேசானது, அதனால் இன்னும் வேகமாகப் பரவியது.

எஃப்எக்ஸ்ஏஏ ஒரு புள்ளியில் என்ன செய்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். அதே கூரை, அதே வானம். முதலில் நிறங்களை ஒளிர்வாக மாற்றிக்கொள்கிறது. புள்ளியையும் அதன் மேல், கீழ், இட, வல அயல்புள்ளிகளையும் ஒப்பிட்டு, மிக அதிகத்துக்கும் மிகக் குறைவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறது. இங்கே 200க்கும் 40க்கும் இடையே 160. வித்தியாசம் சிறியதாக இருந்தால் அந்தப் புள்ளியைத் தொடாமல் போய்விடும். படத்தின் பெரும்பகுதி இப்படித் தப்பிவிடுவதால்தான் இவ்வளவு வேகம். வித்தியாசம் பெரியது என்றால், ஓரம் படுக்கையாகப் போகிறதா, செங்குத்தாகவா என்று தீர்மானிக்கிறது. பிறகு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இரு பக்கமும் நடந்து, படி எங்கே முடிகிறது என்று தேடுகிறது. நம் புள்ளி படியின் முனைக்கு அருகில் இருந்தால் அக்கரை நிறத்தைக் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி கலக்கும். நடுவை நெருங்க நெருங்கக் கலப்பு குறைந்துகொண்டே போகும். 8 புள்ளிப் படி, கண்ணுக்கு ஒரு சரிவாக மாறிவிடுகிறது. ஒரு நல்ல கார்டில் முழுத் திரைக்கும் இதற்கு ஒரு மில்லிவினாடிகூட ஆகாது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கூரை எங்கே இருந்தது என்று இந்த வடிகட்டிக்குத் தெரியாது. புதிதாக ஒரு மாதிரியும் அது எடுக்கவில்லை. அளந்து முடிந்த எண்களைப் பார்த்து, 'இது படிக்கட்டு மாதிரி இருக்கிறது, அப்படியானால் சாய்கோடாக இருந்திருக்கும்' என்று ஊகிக்கிறது. நேரான நீண்ட ஓரத்தில் இந்த ஊகம் அருமையாகப் பலிக்கும். தூரத்தில் ஒரு மின்கம்பி போகட்டும். அதன் தடிமன் ஒரு புள்ளியைவிடக் குறைவு. சில புள்ளிகளின் நடுமையத்தைத் தொடுகிறது, சிலவற்றைத் தொடாமல் போகிறது. திரையில் கம்பி துண்டு துண்டாகத் தெரிகிறது. வடிகட்டி அந்தத் துண்டுகளின் முனைகளை அழகாக வழுவழுப்பாக்கும், ஆனால் இடையில் அறுந்துபோன கம்பியை ஒட்டாது. கேமரா நகரும்போது துண்டுகள் ஊர்ந்து மினுங்குவதையும் அதனால் நிறுத்த முடியாது. அதே குருட்டுத்தனத்தால் எழுத்துகளையும் நுண்ணிய தோல், துணி வேலைப்பாடுகளையும் ஓரம் என்று நினைத்துக் குழப்பிவிடும். டிரைவரின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் எஃப்எக்ஸ்ஏஏயைக் கட்டாயமாக்கினால், மதிப்பெண், வரைபடம், வசனம் எல்லாம் சேர்ந்து முடிந்த படத்தின்மேல் அது ஓடுவதால் எழுத்துகள் மங்கும். கேமின் உள்ளேயே அந்த வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அங்கே பொதுவாக வடிகட்டி ஓடிய பிறகுதான் எழுத்துகளை வரைவார்கள்.

ஆங்கிலம் இந்த இரண்டு வேலைக்கும் ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறது. மயக்கம் நேராமல் முன்னாலேயே தடுப்பதும் ஆன்ட்டி-ஏலியாசிங், நேர்ந்த மயக்கத்தின் தழும்பைத் தேய்ப்பதும் ஆன்ட்டி-ஏலியாசிங். தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பத்தை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. முதலாவதை உருமயக்கத் தடுப்பு என்றும், இரண்டாவதைப் பிசிறு நீக்கம் என்றும் சொல்லலாம்.

பிசிறு என்ற சொல்லை யோசித்துத்தான் எடுத்தேன். துணியை வெட்டினால் ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்பது பிசிறு, உலோகத்தை அறுத்தால் விளிம்பில் நிற்பதும் பிசிறு. குரல் பிசிறடித்தது என்கிறோம், பிசிறில்லாமல் பாடினார் என்று பாராட்டுகிறோம். கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றுபோல வழங்கும் சொல். அதைவிட முக்கியமாக, பிசிறு எடுப்பது எப்போதும் வெட்டி முடித்த பிறகு செய்யும் வேலை. பின்செயலாக்கம் என்ற கருத்து அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 'விளிம்பு மென்மையாக்கல்' என்று எழுதினாலும் தவறில்லை. ஆனால் அது நீளம், படத்தை மங்கலாக்கும் பிளர் வடிகட்டிக்கும் அதே பெயர் பொருந்திவிடும். 'மழுக்கல்' கூர்மையைக் கெடுப்பதைச் சொல்லும், எனவே வேண்டாம்.

இந்தப் பிரிவினை எல்லா இடத்திலும் கோடு போட்டதுபோல நிற்காது. எஸ்எம்ஏஏ அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹோர்கே ஹிமெனெஸும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்டது. அதன் 1எக்ஸ் வகை முழுக்க முழுக்கப் பிசிறு நீக்கம், எம்எல்ஏஏயைவிடக் கூர்மையாக வடிவங்களை அடையாளம் காணும், எழுத்துகளை அவ்வளவாகக் கெடுக்காது. டி2எக்ஸ், எஸ்2எக்ஸ், 4எக்ஸ் வகைகளோ கூடுதல் மாதிரிகளையும் சேர்த்துக்கொள்ளும். டிஏஏ இன்னும் சுவாரசியம். ஒவ்வொரு ஃபிரேமிலும் கேமராவை ஒரு புள்ளிக்கும் குறைவான தூரம் அசைத்து வேறு வேறு இடத்தில் மாதிரி எடுக்கும், முந்தைய ஃபிரேம்களை நகர்வுக்கு ஏற்ப இடம் மாற்றி அவற்றோடு கலக்கும். ஓடுவது பின்செயலாக்கக் கட்டத்தில்தான் என்றாலும், அது எடுப்பவை உண்மையான மாதிரிகள். அறுந்த கம்பி மெய்யாகவே சேர்கிறது. அதனால் நான் அதை உருமயக்கத் தடுப்பின் பக்கமே வைப்பேன். அதற்குரிய விலையும் உண்டு: வேகமாக நகரும் பொருளின் பின்னால் அதன் பழைய உருவம் நிழலாக இழுபடும். 2020 முதல் வந்த, சிறிய அளவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் வகைகளும் இதே அடித்தளத்தில் நிற்பவைதான், கலப்பதைத் தீர்மானிப்பது மட்டும் பயிற்சி பெற்ற நரம்பு வலையமைப்பு.

சுருக்கப்பெயர்களை அப்படியே விட்டுவிடலாம், அவை உலகெங்கும் மெனுவில் இருப்பவை. விரித்து எழுத வேண்டிய இடத்தில் எஃப்எக்ஸ்ஏஏயை விரைவுத் தோராயப் பிசிறு நீக்கம் என்றும், எம்எல்ஏஏயை வடிவவழிப் பிசிறு நீக்கம் என்றும், எம்எஸ்ஏஏயைப் பன்மாதிரி உருமயக்கத் தடுப்பு என்றும், டிஏஏயைக் காலவழி உருமயக்கத் தடுப்பு என்றும் எழுதலாம். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்: 'பழைய கார்டு என்றால் பிசிறு நீக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திறன் மிச்சம் இருந்தால் உருமயக்கத் தடுப்பை 4 மடங்கில் வையுங்கள்.'